பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டே சின்ன இன்ஜின் ரிப்பேர் தொழில் தொடங்கலாமா? (வடசென்னை)

கயிறு இழுப்பவன்

எல்லோருக்கும் வணக்கம். வீடு தண்டையார்பேட்டை. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. எதிர்வீட்டு மாடியில் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் இரண்டு வருடமாக யாரும் தொடாமல் கிடந்தது. கயிற்றை இழுத்து இழுத்து எல்லோருக்கும் கைதான் வலித்தது. எனக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. மாமாவின் ஸ்பேனரை வாங்கி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே இருந்த பெட்ரோல் பாகு மாதிரி பழுப்பாக ஒட்டிக் கிடந்தது. சுரண்டித் துடைத்து மாட்டி, எட்டாவது இழுப்பில் ஓடியது. அன்று ராத்திரி தெருவில் பாதி வீட்டு செல்போன் அதில்தான் சார்ஜ் ஏறியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் ஒருவர் சொல்லி ஒருவர் வந்து, இதுவரை 9 மெஷின் பார்த்திருக்கிறேன். 200, 300 என்று கொடுப்பார்கள். இதையே ஒழுங்காக ஒரு தொழிலாகச் செய்ய ஆசை. இடம் என்று பார்த்தால் வீட்டு வாசல் திண்ணைதான். பள்ளி முடிந்து மாலை 5 மணிக்கு மேலேயும் ஞாயிற்றுக்கிழமையும் நேரம் இருக்கும். பைக் வேலையும் எடுக்கலாமா? என்னென்ன கருவி முதலில் வாங்க வேண்டும்? சட்டப்படி ஏதாவது சிக்கல் வருமா? அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். படிப்பு கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள்.

மின்ட் பட்டறை

தம்பி, பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் பட்டறை வைத்திருக்கிறேன். முதலில் பைக் ஆசையை விடு. நம்ம பக்கம் தெருவுக்கு நாலு பைக் மெக்கானிக். அவர்களோடு போட்டி போட்டு உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

உன் தெருவிலிருந்து மூலக்கொத்தளம் வரை ஒரு நடை நடந்து, கயிறு இழுத்து ஓடும் இன்ஜின் எத்தனை கண்ணில் படுகிறது என்று எண்ணிப் பார். கரும்புச்சாறு வண்டி, சென்ட்ரிங் வேலைக்கு வாடகைக்குப் போகும் கான்கிரீட் வைப்ரேட்டர், மழைக்காலத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப், பந்தல்காரரும் சவுண்ட் சர்வீஸ்காரரும் வைத்திருக்கும் ஜெனரேட்டர், புல் வெட்டும் மெஷின். பைக் மெக்கானிக் இதையெல்லாம் தொட மாட்டார், தொட்டாலும் கடைசியில்தான். வேறு வழியில்லாமல் பிராட்வேக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆட்டோ வாடகையே ரிப்பேர் கூலி அளவுக்கு வந்துவிடும். அதுதான் உன் இடம்.

அதிலும் எல்லாவற்றையும் எடுக்காதே. ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின் மட்டும் எடு. இங்கே ஓடுவதில் பெரும்பகுதி ஹோண்டா ஜிஎக்ஸ்160, இல்லாவிட்டால் அதைப் பார்த்துச் செய்த சீனத்து இன்ஜின். ஒன்றை முழுசாகத் தெரிந்துகொண்டால் இருபது மெஷினை கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம்.

கருவி: 8, 10, 12, 14 பாக்ஸ் ஸ்பேனர், ப்ளக் ஸ்பேனர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், நல்ல ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, ஒரு மல்டிமீட்டர். மற்றதை வேலை வரும்போது, அந்த வேலையின் காசிலேயே வாங்கு. முதல் நாளே பெட்டி நிறைய வாங்கி வைத்தவன் யாரும் நிலைத்து நான் பார்த்ததில்லை. ஸ்க்ரூ போட ஒரு முட்டை அட்டை வைத்துக்கொள். கழற்றிய வரிசையில் குழிக்குக் குழி போட்டு, பிரிப்பதற்கு முன்னால் செல்லில் ஒரு படம் எடுத்துவிடு.

கணக்குப்பிள்ளை

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சட்டம் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பைக் வேண்டாம் என்று அண்ணன் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பைக்கை ரிப்பேர் செய்தால் ஓட்டிப் பார்க்காமல் கொடுக்க முடியாது. உனக்கு லைசென்ஸ் வயது ஆகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் வந்த திருத்தப்படி, 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டிக்காரரோ பொறுப்பு: 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. தெருக்கோடி வரைக்கும்தானே என்று நினைத்து அம்மாவை இதில் மாட்டிவிடாதே. பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது, 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அதனால் தொழில் அம்மா பெயரில் இருக்கட்டும். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவை அம்மாவின் ஆதாரை வைத்து ஆன்லைனில் செய்யலாம். கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதே. ரசீதும் அம்மா பெயரில், பணமும் அம்மா கணக்குக்கு. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி, இப்போது அதை நினைக்கவே வேண்டாம். திண்ணையை விட்டுக் கடை என்று ஒன்று எடுத்தால் மாநகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும்.

மானியக் கடன் எல்லாம் 18 முடிந்த பிறகுதான். அதுவரை கடன் வாங்காமல் நடத்தப் பார்.

கொருக்குப்பேட்டை அம்மா

தம்பி, என் பிள்ளைக்கும் உன் வயசுதான். ஒன்றே ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் கேட்டுக்கொள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளேயோ, கதவு மூடிய வராண்டாவிலோ, மாடிப்படிக்குக் கீழேயோ ஓட்டிப் பார்க்காதே. மழை என்று உள்ளே இழுத்து வைத்து ஓட்டுவார்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை வலிக்கிறது என்று படுத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். உன்னிடம் மெஷினை எடுத்துக்கொண்டு போகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி அனுப்பு.

பெட்ரோல் கேனை சமையல்கட்டுப் பக்கமே கொண்டுபோகாதே. சூடு ஆறாத இன்ஜினில் பெட்ரோல் ஊற்றாதே. அம்மா பயப்படுவது படிப்புக்காக மட்டும் இல்லையப்பா.

கயிறு இழுப்பவன்

அக்கா, இதுவரை இரண்டு தடவை படிக்கட்டுக்குக் கீழேதான் ஓட்டிப் பார்த்தேன், மழை என்பதால். இனிமேல் செய்ய மாட்டேன். பட்டறை அண்ணா, பைக் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து காசிமேடு நடக்கிற தூரம்தான். படகு இன்ஜின் எடுக்கலாமா? அங்கே வேலைக்குப் பஞ்சமே இருக்காதே?

காசிமேட்டுக்காரன்

எடுக்காதே தம்பி. கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையில் சொல்கிறேன். கரும்பு வண்டி நின்றால் ஓரமாகத் தள்ளி வைக்கலாம். ஃபைபர் படகின் இன்ஜின் கடலில் நின்றால் எங்கே தள்ளுவது? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். ஒரு தடவை எண்ணூருக்கு நேரே போகும்போது எங்கள் இன்ஜின் நின்று, அடுத்த படகு வந்து கயிறு போடும்வரை நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். சரி பார்த்துக் கொடுத்தவர் ஒரு கிளிப்பைச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தார், அவ்வளவுதான் தப்பு. அவர் 20 வருஷ அனுபவஸ்தர்.

ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும். ஒரு வருஷத்து வேலையை அந்த இரண்டு மாதத்தில் முடிப்பார்கள். உனக்கும் மே மாதம் லீவு. வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார். கூலி வேண்டாம், ஸ்பேனர் எடுத்துக் கொடு. டீசல் பம்பை எப்படிப் பிரிக்கிறார்கள், உப்பு எதையெல்லாம் தின்கிறது என்று நேரில் தெரியும்.

இங்கேயே உனக்கு ஏற்ற வேலையும் உண்டு. ஏலம் போடுகிற இடத்தில் விடியற்காலை லைட்டுக்கு ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உப்புக்காற்றில் ப்ளக் கேப்பும் வயர் முனையும் பச்சை பிடித்துப்போகும். வேலை சின்னது, ஆனால் அடிக்கடி வரும்.

ஐடிஐ வாத்தியார்

கார்பரேட்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு வரும் பத்து மெஷினில் பாதிக்கு மேல் அதுதான் கோளாறாக இருக்கும்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். மெஷின் மாதக்கணக்கில் நின்றால் நீர் பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் அளவாக வரும் ஓட்டையுள்ள பித்தளை ஜெட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு பிடிக்கும். நீ சொன்ன அந்தப் பாகு, பெட்ரோல் ஆவியாகி மிஞ்சுகிற பிசின். மெயின் ஜெட் ஓட்டை கண்ணுக்குத் தெரியும். பைலட் ஜெட் ஓட்டையில் தையல் ஊசி முனைகூட நுழையாது. அது அடைத்தால் இன்ஜின் சோக்கில் (காற்றைக் குறைத்து வைத்தால்) ஓடும், சோக்கை எடுத்ததும் நின்றுவிடும். இந்த ஒரு அறிகுறியை மனதில் வைத்துக்கொள்.

அடைப்பை எடுக்கக் கம்பி விடாதே. கிளட்ச் கேபிள் இழையை விட்டுக் குத்துவது நம்ம ஊர் பழக்கம். அது எஃகு, ஜெட் பித்தளை. ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானால் போதும், மெஷின் காலத்துக்கும் பெட்ரோல் குடிக்கும், ப்ளக் கறுக்கும். கார்பரேட்டர் கிளீனர் அடித்து ஊற வை, பிறகு காற்று அடி. அப்படியும் வராவிட்டால் டூத் பிரஷ்ஷின் நைலான் இழை. அதற்கும் வராவிட்டால் ஜெட்டை மாற்று, விலை பெரிசாக இருக்காது.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது, வேலை முடிந்ததும் பெட்ரோல் வால்வை (காக்) மூடிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடச் சொல். கிண்ணம் காலியாகிவிடும்.

ஜெனரேட்டரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்க்ரூவைக் காதால் கேட்டுத் திருகாதே. இரண்டு துருவ ஜெனரேட்டர் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். சத்தம் நன்றாக இருக்கிறது என்று ஏற்றிவிட்டால் வோல்டேஜும் ஏறி வீட்டு டிவி போய்விடும். ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டர் வாங்கு. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மாறுதிசை மின்னோட்டம் படிக்கும்போது இதே விஷயம்தான் வரும், அப்போது உனக்குத்தான் முதலில் புரியும்.

படிப்பு பற்றி அம்மாவிடம் சொல்: நம்ம பாடநூல் கழகம் தொழிற்கல்விப் பிரிவுக்கு ஆட்டோமொபைல் பாடப்புத்தகம் தமிழிலேயே போட்டிருக்கிறது. நீ வேறு குரூப்பாக இருந்தாலும் அதைப் படி. பன்னிரண்டு முடித்து டிப்ளமோவோ ஐடிஐயோ வந்தால் இந்தத் திண்ணை வேலை ஒரு நாளும் வீண்போகாது.

மின்ட் பட்டறை

கேபிள் இழை விஷயத்தில் வாத்தியார் சொல்வது சரி. நானும் பல வருஷம் அப்படித்தான் குத்தினேன். அப்புறம் ஒரே மெஷின் மாதாமாதம் திரும்பி வருவதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். ஒன்று சேர்க்கிறேன்: பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதே. நம்ம பக்கம் சாக்கடையில் விட்டது எல்லாம் கால்வாயைத்தான் சேரும். கேனில் பிடித்து வை, பட்டறைக்குக் கொண்டுவா. என் ஆயிலோடு சேர்த்து எடுப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

கயிறு இழுப்பவன்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரு தப்பு நடந்துவிட்டது.

பம்ப் வாடகைக்கு விடும் ஒருவர் ஒரு தண்ணீர் பம்பைக் கொண்டுவந்தார். ஸ்டார்ட் ஆகவில்லை என்றார். கார்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தேன், இரண்டாவது இழுப்பில் ஓடியது. 300 வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். மறுநாள் மதியம் திரும்பி வந்தார். இன்ஜின் இறுகிப்போய்க் கயிறே வரவில்லை. தெருவில் எல்லோர் முன்னாலும், பையன் கெடுத்துவிட்டான் என்று சத்தம் போட்டார்.

பிரித்துப் பார்த்தால் உள்ளே ஆயில் ஒரு டம்ளர்கூட இல்லை. பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்ன நாக்கு இருக்குமே, அதுதான் ஆயிலை அடித்து மேலே தெளிக்கும். அந்த நாக்குக்கு எட்டுகிற அளவு ஆயில் இல்லாததால் ராடின் அலுமினியம் கிராங்கிலேயே உருகி ஒட்டியிருந்தது. ஆயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்துகிற சென்சார் வயரை முன்பே யாரோ வெட்டி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். அதை நான் செய்யவில்லை. ஆனால் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்காமல் ஓடவிட்டது நான்தான்.

300ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ராடும் கேஸ்கட்டும் மாற்றும் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்வதாக அம்மா அவரிடம் சொல்லிவிட்டார்கள். எனக்குக் காலாண்டுத் தேர்வு வேறு. நான்கு நாள் மெஷின் திண்ணையிலேயே கிடந்தது. இரண்டு ஜெட்டை நன்றாகச் சுத்தம் செய்தால் மெக்கானிக் ஆகிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

கரும்பு வண்டி

இந்தப் பக்கம் நான் அதிகம் எழுதுவதில்லை. வியாசர்பாடியில் கரும்புச்சாறு வண்டி வைத்திருக்கிறேன். அந்தப் பம்புக்காரர் ஏன் அவ்வளவு கத்தினார் என்று சொல்கிறேன், கேள் தம்பி.

நான் காலையிலேயே கரும்புக் கட்டு இறக்கிவிடுவேன். ஐஸும் எலுமிச்சையும் அப்போதே வாங்கியாகிவிடும். 11 மணிக்கு இன்ஜின் நின்றால் அன்றைய கரும்பு காயும், ஐஸ் கரையும், சாயங்காலம் தண்டல்காரர் வந்து நிற்பார். மெக்கானிக் கூலி 300ஆ 500ஆ என்பது எனக்குப் பெரிசே இல்லை. "மூணு மணிக்கு வாங்க" என்று சொன்னால் மூன்று மணிக்கு வண்டி ஓட வேண்டும். முடியாது என்றால் காலையிலேயே முடியாது என்று சொல்லிவிட வேண்டும், நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன். "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று என்னை நாலு நாள் நடக்கவிட்டவர் ஒருவர் இருக்கிறார். வேலையில் கெட்டிக்காரர். இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போனால் எனக்கு வயிறு எரியும்.

உனக்குப் பரீட்சை இருந்தால் இருக்கிறது என்று சொல்லு. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், படிக்கிற பிள்ளைதானே. சொல்லாமல் மெஷினை வாங்கி வைத்துக்கொள்வதுதான் தப்பு.

நீ காசைத் திருப்பிக் கொடுத்ததைப் படித்தேன். என் இன்ஜின் கொஞ்ச நாளாகச் சோக்கில்தான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுவரட்டுமா?

மின்ட் பட்டறை

தம்பி, அந்தப் பம்பை என் பட்டறைக்குக் கொண்டுவா. கிராங்கில் ஒட்டிய அலுமினியத்தை எப்படி எடுப்பது என்று காட்டுகிறேன். உன் வீட்டில் வைத்துச் செய்யும் வேலை இல்லை அது. கோடு விழுந்திருந்தால் லேத்துக்கும் போக வேண்டியிருக்கும்.

இன்றைக்கே 40 பக்க நோட்டு ஒன்று வாங்கு. மெஷின் வாசலுக்கு வந்ததும், கையில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னால் எழுது: யார், என்ன சொன்னார், ஆயில் எவ்வளவு இருக்கிறது, என்ன நிறம், ஏர் ஃபில்டர் எப்படி, ஏதாவது வயர் வெட்டியிருக்கிறதா, கயிற்றை மெதுவாக இழுத்தால் அமுக்கம் தெரிகிறதா. ஜிஎக்ஸ்160ல் ஆயில் குச்சியைத் திருகிப் பார்க்காதே, துடைத்துச் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார். அதற்கு 0.6 லிட்டர் ஆயில்தான் பிடிக்கும், 100 மில்லி குறைந்தாலும் பெரிய விஷயம். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டு.

அப்புறம்தான் பேச்சு. பார்ப்பதற்கு 100 ரூபாய், வேலை செய்தால் அதைக் கூலியில் கழித்துக்கொள்வேன் என்று சொல். பிரித்தபின் செலவு கூடும் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திப் போன் செய். சரி என்று சொன்னால் மேலே போ. வேண்டாம் என்றால் அப்படியே மூடிக் கொடுத்துவிடு. ஒரு நேரத்தில் திண்ணையில் இரண்டு மெஷினுக்கு மேல் இருக்கக் கூடாது. பரீட்சை மாதத்தில் ஒன்றுகூட வேண்டாம்.

கயிறு இழுப்பவன்

எல்லோருக்கும் வணக்கம். நோட்டில் 31ஆவது மெஷின் வந்துவிட்டது. பம்புக்காரர் அவருடைய இன்னொரு பம்பை என்னிடமே சர்வீஸுக்குக் கொடுத்திருந்தார், ஆயில் குச்சியை அவரே எடுத்துக் காட்டினார். கரும்பு வண்டி அண்ணன் சொல்லி இன்னும் இரண்டு வண்டிக்காரர்கள் வருகிறார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு 15 நாள் முன்பே வாசலில் அட்டை எழுதி மாட்டிவிட்டேன். யாரும் கோபப்படவில்லை.

இப்போது ஒரு மெஷினில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கரும்பு வண்டி இன்ஜின், ஜிஎக்ஸ்160 மாதிரியேதான். ப்ளக்கில் நீலமாக நல்ல பொறி வருகிறது, இடைவெளி 0.7 மி.மீ. வைத்திருக்கிறேன். அமுக்கம் இருக்கிறது. கார்பரேட்டர் சுத்தம். ஆனால் கயிற்றை இழுத்தால் பிடுங்கிக்கொண்டு திரும்ப உதைக்கிறது, கார்பரேட்டர் வழியாக டப் என்று வெடிக்கிறது. வால்வு இடைவெளியும் பார்த்தேன், இன்லெட் 0.15, எக்ஸாஸ்ட் 0.20, சரியாக இருக்கிறது. நாளைக் காலை 6 மணிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது சாயங்காலம் 6 ஆகிறது. முடியாது என்றால் இப்போதே அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

மின்ட் பட்டறை

பொறி வருகிறது, ஆனால் நேரம் தப்பி வருகிறது. ஃப்ளைவீலைக் கழற்று, உள்ளே அதைக் கிராங்கோடு சரியான நிலையில் நிறுத்தும் கீ (சின்ன உலோகத் துண்டு) வெட்டுப்பட்டிருக்கும். முன்னால் கழற்றியவர் நட்டைச் சரியாக இறுக்கியிருக்க மாட்டார். சுத்தியலால் கிராங்க் தலையில் அடிக்காதே. நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, மரை முனைக்குச் சமமாக நிறுத்திவிட்டு, ஃப்ளைவீலை இழுத்துக் கழற்றும் புல்லர் போடு. புல்லர் என்னிடம் இருக்கிறது, எட்டரைக்குத்தான் கடை மூடுவேன், வந்து எடுத்துக்கொள். கீயும் ஒன்று தருகிறேன்.

கயிறு இழுப்பவன்

அண்ணா, கழற்றிவிட்டேன். கீ பாதியாக அரைபட்டு, ஃப்ளைவீல் ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது. புதுக் கீ போட்டு, ஒன்றோடொன்று பொருந்தும் கோன் (கூம்பு) இரண்டையும் ஆயில் இல்லாமல் துடைத்து மாட்டினேன். நட்டு 75 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது, என்னிடம் அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லை.

மின்ட் பட்டறை

இங்கே இருக்கிறது. ஆட்டோ பிடிக்காதே, அங்கேயே இரு. பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

கயிறு இழுப்பவன்

இறுக்கியாச்சு அண்ணா. தெருக்கோடியில் வைத்து இரண்டே இழுப்பில் பிடித்தது, உதைக்கவில்லை. மணி 9:20, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று உடனே நிறுத்திவிட்டேன். பெட்ரோல் வால்வை மூடியாச்சு, ஆயில் பார்த்து நோட்டில் எழுதியாச்சு. வண்டிக்காரருக்குப் போன் செய்து, 6 மணிக்கு வாங்க என்று சொல்லிவிட்டேன்.